மடங்க வேண்டிய இரும்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காரைக்குடியிலிருந்து புதுவயல் போகிற சாலையில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி இவைதான் முக்கிய வேலை. நடுநடுவே யாராவது பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சைடு ஸ்டாண்டு ஒடிந்துவிட்டது, கேரியர் ஆடுகிறது என்பார்கள். அதையும் பற்றவைத்துக் கொடுப்பேன். என் வெல்டிங் விட்டுப்போனதாக ஒருவரும் திரும்பி வந்தது கிடையாது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மெஷின் ஓட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது சிறியவர், நல்ல உயரம். அவருடைய முழங்கையில் கட்டு. வண்டியின் ஹேண்டில்பார் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு, தேவகோட்டையிலிருந்து மனைவியோடு திரும்பியிருக்கிறார். முன்னால் டேங்க் மேல் தேங்காய் மூட்டை, மனைவி மடியில் பலகாரத் தூக்குகள். ஓர் இடது வளைவில் வண்டி சட்டென்று தூக்கிப் போட்டுவிட்டது. பின்னால் வந்த நெல் லாரிக்காரர் பிரேக் அடித்து நிறுத்தியதால் இருவருக்கும் உயிர் மிஞ்சியது. மனைவிக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த மைத்துனர், தங்கையைத் தேவகோட்டைக்கே கூட்டிப் போய்விட்டார். வண்டியை விற்றுவிட்டு வந்தால்தான் தங்கையை அனுப்புவேன் என்று சொல்லிவிட்டாராம்.

“வேகமா வந்தீகளா?” என்று கேட்டேன்.

“வீட்ல ஆளு பின்னாடி உக்காந்திருக்கையில எப்படிண்ணே வேகமா வருவேன்? முப்பதுக்கு மேல போகல. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாக” என்றார். பிறகு அவரே, “மணல் கிணல் கெடந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டார். ஹேண்டில்பாரை நிமிர்த்தி வைத்தால் விற்க வசதியாக இருக்கும் என்று வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்.

ஹேண்டில்பாரை முடித்துவிட்டுக் கீழே பார்த்தபோதுதான் இடது பக்கம் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் கண்ணில் பட்டது. அதன் நுனியில், அடிப்பக்கம் மட்டும், கிரைண்டர் பிடித்ததுபோல் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்த ஃபுட்ரெஸ்ட் நான் செய்தது.

நாலு மாதம் முன்பு அவர் வந்தபோது அது லொடலொட என்று ஆடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் அதை ஓர் இரும்பு முளையில் கோத்து ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். கீழிருந்து தட்டினால் மேல்நோக்கி மடங்கும், விட்டால் பழையபடி வந்து நிற்கும். ஸ்பிரிங் அறுந்து, முளையும் தேய்ந்திருந்தது. நான் இரண்டையும் கழற்றி வீசிவிட்டு, கனமான பைப்பை வெட்டி மடங்காதபடி ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது என்றார். உயரமான ஆளாயிற்றே என்று ஓர் அங்குலம் தாழ்வாகவும் வைத்தேன், சற்று நீளமாகவும் விட்டேன். பழைய ஃபுட்ரெஸ்ட் நுனியில் ஒரு சின்ன இரும்புக் குமிழ் கீழ்நோக்கித் தொங்கியது. எதற்கு இந்த வேண்டாத தொங்கல் என்று அதை வைக்கவில்லை. “இனிமே யானை ஏறி நின்னாலும் அசையாது” என்று சொல்லி அனுப்பியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் அவர் சொன்ன வளைவுக்குப் போனேன். தேடவே வேண்டியதில்லை. வளைவின் உள்பக்கம் தார் கொஞ்சம் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பில் விரல் அகலத்துக்கு ஒற்றைக் கோடு, நான்கடி நீளத்துக்கு இழுத்திருந்தது. கோடு முடிந்து கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம்தான் வண்டி விழுந்து இழுபட்ட அகலமான கீறல்கள். அந்தக் கோடு வண்டி விழுவதற்கு முன்பே விழுந்திருக்கிறது. மணலும் இல்லை, மண்ணும் இல்லை.

திரும்பி வந்து பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் போனேன். அவரிடம் சர்வீசுக்கு வந்த புது வண்டி ஒன்று நின்றது. அதன் ஃபுட்ரெஸ்ட் நுனியிலும் அதே குமிழ் தொங்கியது. இது எதற்கு என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது.

“வளைவுல வண்டி சாயுதுல்லண்ணே. சாயும்போது மொதல்ல தரையில ஒரசுறது இந்தக் குமிழுதான். இதுக்கு மேல சாய்க்காதன்னு காலுக்குச் சொல்லிரும். அதுக்கு மேலயும் சாஞ்சா ஃபுட்ரெஸ்ட்டு மடங்கிக்கிரும். வண்டி பாட்டுக்கப் போயிரும்.”

“மடங்காட்டி?”

“மடங்காட்டி கடப்பாரை போட்டு நெம்புன மாதிரி வண்டியத் தூக்கிரும். ரெண்டு பேரு பாரத்தோட வண்டி அமுங்கியிருந்தா சீக்கிரமே தட்டும். எதுக்குக் கேக்குறீக?”

“சும்மாதான்” என்றேன்.

அடுத்த இரண்டு நாள் நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வெல்டிங்கை அறுத்து எடுத்துவிட்டு, கடையில் விற்கிற மடங்கும் ஃபுட்ரெஸ்ட்டை வாங்கிப் பொருத்தினேன். வேலை முடிந்ததும் பழையதை இரும்புக் குப்பையில் போட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? உயிர்ச்சேதம் இல்லை, எலும்பு கூடிவிடும், இனி வண்டியும் சரியாக இருக்கும். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் குப்பைக்குப் போன அந்தத் துண்டை மறுபடி எடுத்து வந்து மேஜைக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அவர் வண்டி எடுக்க வந்தார். விலைக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்றார். “இனிமே வண்டியே ஓட்டப் போறதில்லண்ணே. நாந்தான் ஏதோ நெனப்புல கவனிக்காம விட்டுட்டேன் போல. எனக்கே எம் மேல நம்பிக்கை இல்ல” என்றார். ஒரு வாரமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, செய்யாத தப்பை அந்த மனிதர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தத் தேய்ந்த நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“எங்கிட்டச் சொல்லி என்னண்ணே செய்ய? தேவகோட்டைக்கு வந்து சொல்லுங்க.”

அன்றைக்கே போனோம். வண்டி இருந்தும் அவர் பஸ்ஸில்தான் வந்தார். வழி முழுக்க நான் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் மைத்துனரைப் பார்த்ததும் அடுக்கியது அத்தனையும் கலைந்துவிட்டது. வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. துண்டைக் காட்டி, மடங்க வேண்டியதை மடங்காமல் செய்தது நான்தான், இவர்மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. சுவரோரம் நின்ற அவருடைய பைக்கில் ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் தட்டி மடக்கிக் காட்டினேன். அவர் குனிந்து தானும் ஒருமுறை மடக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“இதை வச்சே ஒங்க மண்டையில ஒண்ணு போடலாமான்னு வருது” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அதற்குள் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்துவிட்டார். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அப்ப அவுக மெதுவாத்தான் வந்தாகளா?”

“மெதுவாத்தாம்மா வந்திருக்காக” என்றேன்.

“நாந்தான பின்னாடி உக்காந்திருந்தேன். மெதுவா வந்தாகன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் வேகம் வேகம்னு சொல்லவும், ஒருவேளை எனக்குத்தான் தெரியலையோன்னு நானே சந்தேகப்பட்டுட்டேன்.”

இதைச் சொல்லும்போது அவர் கணவரைப் பார்க்கவில்லை. கணவரும் சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எலும்பு முறிந்ததைவிட இதுதான் பெரிய சேதம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மைத்துனர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “சாப்ட்டுட்டு தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களும் உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கதை இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் நான் ஃபுட்ரெஸ்ட்டைப் பற்றவைத்தது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமா என்ன? யாருடைய பெயரையும் எழுதி வைக்கவில்லை. நான் பற்றவைத்த தழும்பு மட்டும் எனக்குத் தெரியும். அதை நம்பி, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, ஆலை வாசல் என்று பைக் நிற்கிற இடமெல்லாம் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். பெட்ரோல் திருட வந்தவன் என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இன்னொருவர், “உறுதியாத்தான இருக்கு, இதைப் போயி ஏன் அறுக்குறீக?” என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். உறுதியாக இருப்பதுதான் கோளாறு என்று ஒரு வெல்டரே சொன்னால் யார்தான் நம்புவார்கள்? விடாமல் கெஞ்சி, ஒவ்வொன்றாக அறுத்து மாற்றிக் கொடுத்தேன்.

ஞாபகத்தில் இருந்தவற்றில் ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பச்சை வண்டி, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும். ஓட்டி வந்தவர் முகம் மறந்துவிட்டது. வெளியூர்க்காரர், வேலை முடிகிற வரை என்னிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் எந்த வளைவில் தாரில் ஒற்றைக் கோடு தெரிந்தாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் பார்க்கிறேன். அது அவருடையதாக இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் குனிகிறேன்.