சேர்மன் வீட்டுப் படிக்கட்டு

நடந்தவை வரிசையாக:

1. எங்கள் சேர்மன் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்கி நடத்தியவர். அரசு அதை எடுத்துக்கொண்டபோது கிடைத்த தொகையில் சேலையூரில் இலவசச் செயற்கைக் கால் பட்டறை வைத்தார்.
2. டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன்.
3. சில வருடங்களில் சர்க்கரை நோயால் சேர்மன் சாருக்கே வலது கால் போனது, முழங்காலுக்கு மேலே.
4. புண் ஆறியதும் அளவெடுக்கச் சொன்னார். நான் மறுத்தேன்.

மறுத்ததற்குக் காரணம் அவர் போட்ட விதிதான். தீ விபத்தோ லாரி விபத்தோ, சர்வேயர் நேரில் போய்ப் பார்க்காமல் அவர் கம்பெனியில் எந்த கிளெய்மும் முடிந்ததில்லை. பட்டறையிலும் அப்படியே. கால் வேண்டுபவரின் வீட்டைப் பார்த்த பிறகுதான் அளவு. வாசற்படி, கழிப்பறை, தரை மண்ணா சிமெண்டா என்றெல்லாம் பார்த்து அதற்கேற்ற மூட்டு வைப்போம்.

"என் வீட்டுக்கு வேணாம்மா. வாசல் கேட் வரைக்கும் நடந்தா போதும்" என்றார்.

"ரூல் உங்களுது சார்."

பின்னால் நின்ற ஃபிட்டர் சேவியர், "ஓனரு வூட்டுக்கே சர்வேயா? பேஜாராய்டும்க்கா" என்று முணுமுணுத்தான்.

"சாயங்காலம் வா. ஆனா சத்தமா பேசக் கூடாது" என்றார் சார்.

மாடம்பாக்கம் போகும் வழியில் பழைய மாடி வீடு. சார் கீழே ஹாலில் கட்டில் போட்டிருந்தார்; பக்கத்தில் சக்கர நாற்காலி. சொந்த வீட்டில் கிசுகிசுவென்று பேசினார். மாடியில் அவர் மனைவி, நாங்கள் அம்மா என்று அழைப்பவர், பக்கவாதம் வந்து படுத்திருந்தார். கால் எடுத்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சார் பம்பாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"தெரிஞ்சா தாங்க மாட்டா. ஹார்ட்டும் வீக். என்னைப் பாக்காமலே போயிடுவாளோன்னு பயமா இருக்கும்மா."

"அப்ப ஏன் சார் என்னை வர வேணாம்னீங்க?"

"நீ படியைப் பாத்துட்டு, முடியாதுன்னு சொல்லிடுவே."

படியைப் பார்த்தேன். குறுகல். இடப்பக்கம் மட்டும் கைப்பிடி; வலப்பக்கம் வெறும் சுவர்.

"ஏறலாம் சார். சுவத்துல இன்னொரு கைப்பிடி வேணும். நல்ல கால் முதல்ல, அப்புறம் செயற்கைக் கால்."

சேவியரே வந்து கைப்பிடி பொருத்தினான். டிரில் சத்தத்துக்கு, பிளம்பர் வேலை என்று மாடியில் சொன்னார்கள். நான் அளவெடுத்துக் கால் செய்தேன். பட்டறையில் பேரலல் பார் என்ற இணைக் கம்பிகளுக்கு நடுவே சார் வாரக்கணக்கில் பழகினார். இரண்டு முறை விழுந்தார். தொடையைப் பிடிக்கும் சாக்கெட் உராய்ந்து தோல் வழன்றது. ஆறும்வரை காத்திருந்து மறுபடி பழகினார்.

ஏறிய அன்று வேட்டி கட்டியிருந்தார். ஒரு படி கீழே நான் நின்றுகொண்டேன். மேலே போனபோது சட்டை நனைந்திருந்தது. அம்மா அவரைப் பார்த்தார். பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது.

"பம்பாய் நம்ம ஹால்லயா இருக்கு?"

சார் கட்டிலை நோக்கி இன்னொரு அடி எடுத்து வைத்தார்.

"நாற்காலி உருளற சத்தம் தினமும் கேக்குது. யாருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. அது உங்களுக்குன்னா, உயிரோட இருக்கீங்கன்னு நெனச்சுக்குவேன். நின்னுச்சுன்னா பயம். ஒக்காருங்க. எந்தக் கால்?"

"வலது" என்றார் சார், உரக்க.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அதுவரை வீடுகளில் படியையும் தரையையும்தான் பார்த்துவந்தேன். அந்தக் காலால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது அதுதான் என் முதல் கேள்வி.

சாரின் கட்டில் மாடிக்குப் போய்விட்டது. காலையில் இறங்குகிறார், மாலையில் ஏறுகிறார். அம்மாவின் உடல்நிலையில் மாற்றமில்லை.