அமாவாசையன்று எட்டு நிழல்கள்

மாலை 4.10. வேப்பம்பட்டில் மின்ரயில் ஏறினேன். திருவள்ளூருக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து ஊத்துக்கோட்டைப் பேருந்து, ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காட்டுக்குப் போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரப் பார்ப்பார்கள். நான் நன்றாக இருட்டட்டும் என்று போனேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற மின்பொறியாளன். ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு காப்புக்காட்டை ஒட்டி நிற்கும் கிடங்கின் விளக்குகளுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் சான்றிதழ் கொடுத்தவன். "காட்டு எல்லைக்குள் வெளிச்சம் விழவில்லை" என்று எழுதினேன். நான் அங்கே போனது காலை பதினொன்றே காலுக்கு. விளக்குகள் எரியவில்லை. மேலாளர் வாங்கிக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது காட்டில் இரவு இரவாக இருக்க வேண்டும், விளக்குகளுக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்ப வேண்டும் என்று வனத்துறை கேட்கிறது. கிடங்குக்காரர்கள் என் தாளைக் காட்டுகிறார்கள். மறுநாள் காலை திருவள்ளூரில் விசாரணை. அந்தத் தாள் சரிதான் என்று நான் வந்து சொல்ல வேண்டுமாம். சொன்னால் விளக்குகள் இப்படியே எரியும்.

6.40. ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ, எட்டு கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய்.

"அமாவாசை அதுவுமா எங்க நைனா, கோயிலுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"காட்டைப் பாக்க. இருட்டுல எப்படி இருக்குன்னு."

"இருட்டா? அத்த எப்பவோ காலி பண்ட்டானுங்க. எங்க ஊட்ல கரண்டு போனா அந்தக் குடோன் வெளிச்சத்துலதான் சோறு துன்றோம்."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வானம் ஆலை விளக்குகளால் துருப்பிடித்த தகடுபோல் சிவந்து கிடந்தது.

7.30. வனத்துறையில் நான் கேட்டுக்கொண்டபடி காட்டு வாட்சர் முனுசாமி காத்திருந்தார். யாரோ பொறியாளர் பார்க்க வருகிறார் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். எல்லைக்கல்லைத் தாண்டி இருநூறு மீட்டர் உள்ளே நடந்தோம். சிள்வண்டுச் சத்தம் இல்லை. காகம் ஒன்று, விடிந்துவிட்டதுபோல், விட்டுவிட்டுக் கத்தியது. வேறெந்தக் காகமும் பதில் கொடுக்கவில்லை. பாதை நடுவே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போயும் ஓடவில்லை.

"அதுக்கு ராத்திரியா பகலான்னே தெர்ல சார். மேயவும் பயந்துகினு, உள்ள போவவும் பயந்துகினு, அப்டியே குந்திகினு கீது."

கீழே பார்த்தேன். மணலில் என் நிழல். ஒன்றல்ல, நான்கு. முனுசாமிக்கும் நான்கு. நிலவில்லாத இரவில் எட்டுப் பேர் எங்களுக்கு முன்னால் மரங்களுக்குள் நீண்டு படுத்திருந்தார்கள். நாங்கள் அடி எடுத்து வைத்தால் அவர்களும் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் கிடங்கின் நான்கு கம்பங்களும் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வேப்பம்பட்டு வீட்டில் தெருவிளக்கு கண்ணைக் குத்தினால் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறேன். இந்த முயல் எதை இழுத்துவிடும்?

"அந்தச் சான்றிதழ் கொடுத்தது நான்தான்" என்றேன். "பகல்ல வந்து பாத்துட்டு எழுதிட்டேன்."

முனுசாமி திரும்பி அந்த நான்கு கம்பங்களையும் பார்த்தார்.

"பகல்ல வந்து லைட்டு பாத்தியா? அப்டியே சூரியனுக்கும் ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டு போயிருக்கலாமே."

முயல் இருந்த பக்கம் கைகாட்டிக் கேட்டார்.

"நாளிக்கு விசாரணைல இன்னா சொல்லப் போற?"

அதுவரை இருந்த 'சார்' போய்விட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் சான்றிதழ் கொடுக்கும் என் உரிமம் போகும். நாற்பது வருடம் சம்பாதித்த பெயரும் போகும். விசாரணை அறையில் மேலாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் அங்கேயே மணலில் உட்கார்ந்து, நோட்டைத் தொடைமேல் வைத்து வனத்துறைக்கு எழுதினேன்:

"என் சான்றிதழ் பொய். விளக்குகள் எரியாத நேரத்தில் வந்து எழுதியது. இந்தக் கடிதத்தை அமாவாசை இரவு 8.25 மணிக்கு, காட்டு எல்லைக்குள் இருநூறு மீட்டரில், கிடங்கு விளக்கின் வெளிச்சத்திலேயே எழுதுகிறேன்."

முனுசாமி நோட்டை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். பிறகு கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.