தலைத் திவசத்துக்குப் பின் பதினெட்டாம் நாள்

அண்ணி இறந்தது ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. மழை இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் காலைப் பேருந்து பத்து நிமிடம் தாமதம். அண்ணன் மனைவி போன நாளில் பேருந்து தாமதத்தை எழுதி வைத்தவனா நீ என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். அந்தத் தடத்தில் நடத்துநராக இருந்தவன் நான். பணியில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஒரு பக்கம் எழுதி வருகிறேன். மழை, பேருந்து கிளம்பிய நேரம், மலைப் பாதையில் சாய்ந்த மரம், ஊரில் யாருக்கு என்ன. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அண்ணனுக்கு இது எப்போதும் கேலிதான். "இன்னாடா, இன்னிக்கு காக்கா எத்தினி வாட்டி கத்துச்சின்னு எழுதிட்டியா?" என்பார்.

வடக்கனந்தலில் அடுத்தடுத்த வீடுகள் எங்களுடையவை. அண்ணனுக்கு இரண்டு ஏக்கர் நிலம். மரவள்ளியும் கரும்பும் மாறி மாறிப் போடுவார். அண்ணியின் கருமாதி முடிந்த பிறகு அவர் நிலத்துக்குப் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சோறு வைத்தால் நாலு வாய். பேச்சு இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை. வந்து போன உறவினர்கள் எல்லாரும் மெச்சினார்கள்: "பொண்டாட்டி மேல எம்மாம் பாசம் பாரு. இப்பிடி துக்கம் காக்கற ஆம்பளய எங்க பாத்த?"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கு ஒரு வருடம். அந்த வருடம் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, புதுத்துணி இல்லை. தலைத் திவசத்தில் படையல் போட்டு, மச்சான் கொண்டுவரும் புது வேட்டியைக் கட்டிவிட்டால் துக்கம் கழிந்தது. ஆகவே அண்ணன் முறையாகத் துக்கம் காக்கிறார் என்று நம்பினேன். விசாரிக்க வருபவர்களிடம், "இன்னும் நாலு மாசம்", "இன்னும் பதினோரு நாள்" என்று நானே தேதி சொன்னேன். நோட்டிலும் எழுதினேன்.

திவசம் நடந்தது. மச்சான் வேட்டி கட்டிவிட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் உடன்பட்டார். பந்தி முடிந்ததும் புது வேட்டியோடு போய்க் கட்டிலில் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் என் மனைவி பொறுமை இழந்தாள். "வருசம் முடிஞ்சா சரியாயிடும், சரியாயிடும்னு சொல்லிக்கினே இருந்தீங்க. முடிஞ்சாச்சு. இப்ப எந்தத் தேதிக்கு காத்துக்கினு இருக்கீங்க? மாமா பாதி ஆளாயிட்டாரு. இட்டுக்கினு போங்க."

அடுத்த நாள் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினோம். மனநல மருத்துவர் இளம்பெண். அண்ணனை நேராகப் பார்த்து, "செத்துடலாம்னு தோணுதாங்கய்யா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இப்படியா ஒரு பெரிய மனிதரைக் கேட்பது?

அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "தோணுதும்மா. தெனமும்."

ஒரு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்த நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டால்தான் எண்ணம் வரும் என்று பயம். கேட்ட பிறகு அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன், சுமையை இறக்கியவர் தோள் மாதிரி.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இப்படி இருந்தாருங்களா?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

"இல்லீங்க."

"ரொம்ப சுறுசுறுப்பா, தூக்கமே இல்லாம, பெரிய பெரிய வேலையா இழுத்துப் போட்டுக்கிட்டு?"

"அவரு எப்பவுமே உழைப்பாளிங்க."

"எப்பவுமேவா, இல்ல சில மாசம் மட்டுமா?"

எந்தச் செவ்வாய்க்கிழமை எந்த வளைவில் பேருந்து நின்றது என்று சொல்லக்கூடிய என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, யோசித்துக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் அப்புறப்படுத்தவும் சொன்னார். ஊர் வந்து சேர்ந்ததும் மோட்டார் கொட்டகையில் இருந்ததை எல்லாம் என் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். சாவி என் மனைவியிடம். அண்ணனைத் தனியாக விடக்கூடாது என்று முறை போட்டுக்கொண்டோம்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பழைய நோட்டுகளைப் படித்தேன். நான்கு நாள் ஆயிற்று. ஒரு சித்திரையில் இப்படி இருந்தது: "அண்ணன் ஒற்றை ஆளாகக் கிணறு தூர் வாருகிறார். ஆறு நாளாகத் தூக்கமே இல்லையாம். இவரைப் போல உழைப்பாளி இந்த ஊரில் இல்லை." அதே வருடம் ஆடியில், மழைக்கும் பேருந்துக்கும் நடுவில் ஒற்றை வரி: "அண்ணன் மூன்றாவது வாரமாக மோட்டார் போடவில்லை. கால்வலி என்று அண்ணி சொன்னார்." வேறொரு வருடம், மலையில் குத்தகைக்கு நிலம் பிடிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தது, பிறகு மறுபடியும் கால்வலி. நான்கு முறை இப்படி. நான்கு முறையும் கால்வலி என்று சொன்னது அண்ணிதான். அந்த நாட்களில் மடை மாற்றியது, களை எடுத்தது, ஆள் வைத்துக் கரும்பு வெட்டியது எல்லாம் அவர். அண்ணி இருந்தவரை இது வெளியே தெரியவில்லை. அவர் போனதும் மறைக்க ஆள் இல்லை.

எல்லாம் என் கையெழுத்து. ஏற்றத்தைப் பாராட்டி எழுதினேன்; இறக்கத்தைக் கால்வலி என்று எழுதினேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் படிக்கவில்லை.

அடுத்த வாரம், துண்டுச் சீட்டு வைத்த நோட்டுகளை மருத்துவர் நிதானமாகப் படித்தார். "இதை எழுதச் சொன்னது யாருங்க?"

"யாரும் சொல்லலீங்க. பழக்கம்."

"சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்திருந்தா ஒருவேளை மறுபடி மேல ஏத்திவிட்டிருக்கும். ரெண்டையும் பிடிச்சு நிறுத்தற மருந்து வேணும்." பிறகு அண்ணனிடம், "மனைவி போன துக்கம் வேற, இந்த நோய் வேற. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு. நோய்க்குத்தான் மாத்திரை. துக்கம் அது பாட்டுக்கு வரும், போகும்" என்றார்.

மூன்றாவது மாதம் துக்கம் வந்தது. அண்ணியின் களைக்கொத்தைக் கையில் எடுத்தவர் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் பதறிப்போய் மருத்துவரிடம் சொன்னேன். "அழறாரா? நல்லதுங்க" என்றார். அன்று அண்ணன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதையும் எழுதினேன்.

டீக்கடையில் ஒருவர் அண்ணனைச் சீண்டினார். "இன்னா பெரியவரே, செவ்வாக்கெழமன்னா பைத்தியக்கார டாக்டருகிட்ட போறியாமே?"

அண்ணன் டீயை ஒரு வாய் குடித்தார். "ஆமா. நீ புதன்கெழம சக்கரைக்குப் போற. எனக்கு செவ்வா. பஸ்ல எடம் கெடைக்காதுன்னு வேற வேற நாளா வெச்சிருக்கான்."

கடை முழுக்கச் சிரித்தது, கேட்டவரும் சேர்ந்து. அடுத்த செவ்வாய் அதே மனிதர் தன் மருமகனைப் பற்றி விசாரிக்க அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினார்.

பிறகு சித்திரை வந்தது. எனக்கு உள்ளூரப் பயம். நோட்டின்படி அது ஏற்றத்தின் மாதம். ஒருநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வாசலில் நின்றார். கண் பளபளவென்று இருந்தது.

"டேய், மலையில நாலு ஏக்கர் எடுக்கலாம்னு தோணுது. கெணத்த இன்னும் ஆழமாக்கணும்னு தோணுது. ஓடிக்கினே இருக்குது மண்டை."

நான் வாயில் நுரையோடு அவரையே பார்த்து நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? நோட்ட எடு. அதுதான் வருதுன்னு நெனைக்கறேன். இன்னிக்கே போலாம், செவ்வா வரைக்கும் வேணாம்."

வாயைக் கொப்பளித்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன். எட்டிப் பார்த்து அதட்டினார்.

"தூக்கம் கம்மின்னு எழுதினா டாக்டருக்கு இன்னா தெரியும்? மூணு நாளா மூணு மணி நேரம்னு எழுது."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். இத்தனை வருடத்தில் என் நோட்டில் அடுத்தவர் திருத்திய வரி அது ஒன்றுதான். ஏழு நாற்பது பேருந்து அன்று சரியான நேரத்துக்கு வந்தது. அண்ணன் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தார்.