பாலத்தில் தெரிந்த கால்கள்

எங்கள் பேருந்துப் பணிமனையின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவோம். வயது ஐம்பத்தேழு. பட்டாளத்தில் இருந்தபோது அவருடைய படைப்பிரிவை வேறொரு நாட்டுப் போருக்கு அனுப்பினார்கள். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "வண்டி ரிப்பேர் பார்த்தேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. இருபத்தாறு வருடமாக அவர் மனைவிக்கும் அதே பதில்தான்.

போன வருடம் ஒரு பெண் மடிக்கணினியோடு பணிமனைக்கு வந்தாள். அந்தப் போருக்குப் போனவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவள். ஏதோ ஒரு சிப்பாய் கைக்கேமராவில் பிடித்த பழைய காட்சியை ஓடவிட்டாள். ஒரு குறுகிய பாலம். நடுவில் நின்றுபோன லாரி. அதற்குப் பின்னால், அடிபட்டவர்களை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள் நகர வழியில்லாமல் நிற்கின்றன. பக்கத்தில் எங்கோ குண்டு விழ, படம் குலுங்குகிறது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

"இது யார் காலுன்னு கண்டுபிடிக்க முடியல சார். உங்க பிரிவு மெக்கானிக் யாராச்சும்..."

ஸ்பேனர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"என் காலுதாம்மா."

"டீசல் குழாய் கிழிஞ்சிருந்துச்சு, மாத்தினேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட பேருந்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

படம் வெளியான ஞாயிறு காலைக் காட்சிக்கு, வேலை இல்லாதவர்கள் அத்தனை பேரும் திரண்டு போனோம். ஸ்பேனர் மனைவியையும், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவரை, அழைத்து வந்திருந்தார்; ஆனால் அந்தக் கால்களைப் பற்றி வீட்டில் மூச்சுக்கூட விட்டிருக்கவில்லை. திரையில் அந்தக் கால்கள் வந்ததும் எங்கள் டிரைவர் ஒருவர் விசிலடித்தார். "அண்ணன் காலுடா!"

அக்கா கணவரின் கையைப் பிடித்து உலுக்கினார். "நீங்களா? சும்மா ரிப்பேர் பார்த்தேன்னு சொன்னீங்களே!"

"ரிப்பேர்தானே பார்த்தேன்?"

விளக்கு எரிந்ததும் முன்வரிசையிலிருந்து ஓர் ஆள் ஊன்றுகோலோடு விறுவிறுவென்று வந்தார். மூன்றாவது ஆம்புலன்ஸில் கிடந்தவராம். ஸ்பேனரைக் கட்டிப்பிடித்தவர் விடவே இல்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. இயக்குநர் பெண் மைக்கை நீட்டினாள். வாங்க மாட்டார் என்று நினைத்தோம். வாங்கிவிட்டார்.

"தட்டுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. எங்கிட்ட மாத்துக் குழாயே இல்ல. பாலத்துக்குப் பக்கத்து வயல்ல ஒரு விவசாயி பம்புசெட்டோட ஒட்டிப் பதுங்கியிருந்தாரு. பாஷை தெரியாது. கிழிஞ்ச குழாயைக் காட்டினேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியையே பார்த்தாரு. அப்புறம் தன்னோட பம்புசெட்டு டீசல் குழாயைக் கழட்டிக் குடுத்துட்டாரு. அவரு ஊருக்குள்ள துப்பாக்கியோட போய் நின்னவங்க நாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாம வண்டியைக் கிளப்பிட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இதைப் பெருமையா பேசுறது?"

இயக்குநர் பெண் அவர் பக்கம் திரும்பினாள். "பாலம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் சார். தேடிடலாம்."

ஏழு வாரம் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்பேனருக்கு அந்தப் பெண்ணிடமிருந்து ஃபோன் வந்தது. கேட்டவர் எழுந்து நின்றுவிட்டார். "இருக்காராம்! எண்பது வயசாம்! என்னை ஞாபகம் இருக்காம்!" சாப்பாட்டுக் கையோடு நாங்கள் போட்ட கூச்சலில் மேலாளரே பதறிப்போய் ஓடிவந்தார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அக்காவே நிரப்பினார், தனக்கும் சேர்த்து. அடுத்த மாதம் பயணம். இப்போதெல்லாம் பேருந்துக்கு அடியில் படுத்தபடியே, ஃபோன் சொல்லிக்கொடுக்கும் அந்த ஊர் வார்த்தைகளை ஸ்பேனர் உரக்கச் சொல்லிப் பார்க்கிறார். வெளியே நிற்கும் நாங்கள், அந்தப் பாஷையில் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள், தப்பு தப்பு என்று திருத்திக்கொண்டிருக்கிறோம்.