பெரிய மாமாவுக்கு நாலு வார்த்தை

வங்கி குமாஸ்தா தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஐந்து வருடம். கணக்கு எப்படியோ வந்துவிடும், இங்கிலீஷ்தான் உதைத்தது. அதிலும் ஆட்களைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கொடுத்து, அதே அர்த்தமுள்ள இன்னொரு சொல்லைக் கேட்கும் பகுதி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சனி, ஞாயிறு வகுப்பு. அங்கே கொடுத்த தாள்களில் கஞ்சன், கோழை, வாயாடி, சோம்பேறி, பெருந்தீனிக்காரன் என்று உலகத்துக் கோளாறெல்லாம் வரிசையாக நின்றது. நல்ல மனிதர்களுக்கு இங்கிலீஷில் வார்த்தை குறைவு போல. பஸ் அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் படித்ததில் பாதி மறந்துவிடும். ஆழ்வார்குறிச்சியில் இறங்கும்போது மிச்சமும் போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சாயங்காலம் வந்து, நான் காய் நறுக்கும்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பார். 'லோஃபர்' என்ற வார்த்தை வந்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டு, இது தமிழ்தானே என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்லியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

வார்த்தை மனதில் நிற்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் சொந்தக்காரர் ஒருவரை மாட்டிவிடுவது. கஞ்சனுக்கு யோசிக்கவே தேவையில்லை, பெரிய மாமா. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா அவர். விருந்தாளி எழுந்து செருப்பைத் தேடும் முன்பே மின்விசிறியை நிறுத்திவிடுவார். மைசர், ஸ்கின்ஃப்ளிண்ட், டைட்வாட், சீப்ஸ்கேட் என்று நாலையும் எழுதி எதிரே 'பெரிய மாமா' என்று போட்டேன். வாயாடி சாட்டர்பாக்ஸுக்கு என் நாத்தனார். பெருந்தீனிக்கார க்ளட்டனுக்கு அவள் கணவர். ஒரு நோட்டு முழுக்க இப்படிக் குடும்பம் நிறைந்தது. ஒரு வார்த்தையும் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். இடைவெளி கிடைத்தால் பார்க்கலாம் என்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பந்தி கவனிக்கக் கூப்பிட்டார்கள். பையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அரை மணி நேரத்தில் மண்டபத்தில் கரண்ட் போனது. பட்டுச்சேலையில் வேர்த்துக் கொட்ட, நாத்தனார் விசிறிக்கொள்ள எதையாவது தேடிப் பையைத் திறந்திருக்கிறாள். கெட்டி அட்டை போட்ட என் நோட்டு கையில் அகப்பட்டது.

விசிறிய வேகத்தில் அட்டை விரிந்து, எதிரே இருந்த அவள் மகளுக்கு எழுத்து தெரிந்துவிட்டது. கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கிறவள். வாங்கிப் பிரித்து, வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அர்த்தத்தோடு வாசிக்க ஆரம்பித்தாள். நான் கை கழுவிவிட்டு வரும்போது க்ளட்டன் நடந்துகொண்டிருந்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தன் கணவரைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை என்று. அடுத்த பக்கத்தில் அவளே வந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

பெரிய மாமாவிடம் யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. முன் வரிசையிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு எத்தன வார்த்தம்மா போட்டிருக்க?"

"நாலு மாமா."

"மத்தவங்களுக்கு?"

"ரெண்டு, மூணுதான்."

அவர் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை என்பதை நம்ப எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு, கஞ்சன் வேறு, சிக்கனக்காரன் வேறு, சிக்கனக்காரனுக்கு என்ன வார்த்தை என்று கேட்டார். ஃப்ருகல் என்றேன். அது ஆளுடைய குணத்தைச் சொல்வது, ஆளுக்குப் பெயராகாது என்று நாத்தனார் மகள் குறுக்கே திருத்தினாள். எனக்கும் வேறு தோன்றவில்லை. கஞ்சனுக்கு நாலு பெயர் வைத்த வெள்ளைக்காரன் சிக்கனமானவனுக்கு ஒரு பெயர் வைக்கவில்லை என்றால் அவன் வாழ்ந்த லட்சணம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு மாமா மோர் குடிக்கப் போனார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் நோட்டு என் வீட்டுக்காரர் கைக்குப் போயிருந்தது.

திரும்பும்போது அவர் வண்டியை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். ஊர் எல்லை வரும்போது வண்டியை ஓரங்கட்டினார்.

"எம் பேரும் இருக்குல்லா," என்றார்.

இருந்தது. கோழைக்கான கவர்ட், பொல்ட்ரூன். இரண்டாவது வார்த்தை வாயில் முந்திரி மக்ரூன் மாதிரி கரைவதால் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எதிரே 'இவர்' என்று எழுதியிருந்தேன்.

"மனப்பாடம் பண்ணுததுக்காக எழுதுனது. மனசுல வச்சிக்கிடாதிய."

"மனசுல நிக்கணும்னா உண்மையா இருக்கணும்லா. மத்த ஆளுகளுக்கெல்லாம் சரியாத்தான எழுதியிருக்க."

இவருடைய சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். வளர்த்தது பெரிய மாமாதான். அவரைக் கேட்காமல் இவர் ஒரு காரியம் செய்ததில்லை. நான் படிப்பது மாமாவுக்குத் தெரியும். வேலை கிடைத்தால் வேறு ஊருக்குப் போகவேண்டி வரும் என்பதை மட்டும் இவர் சொல்லவில்லை. ஒரு வருடமாக இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அந்த எரிச்சலில்தான் அந்தப் பக்கத்தை எழுதினேன்.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா களத்தில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். இவர் மழையைப் பற்றிப் பேசினார். உரத்தைப் பற்றிப் பேசினார். மாமாவின் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றேன்.

"பெரியப்பா, இவளுக்கு வேல கெடச்சா நாங்க வெளியூருக்குப் போயிருவோம்," என்றார் கடைசியில். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்துத்தான் வார்த்தை வந்தது. ஆனால் வந்துவிட்டது.

மாமா கிளறுவதை நிறுத்தவில்லை.

"இதச் சொல்லவாலே ஒரு வருசமா முழிச்சிக்கிட்டுத் திரிஞ்ச? பரிச்ச எழுதுதவ வேலைக்குப் போவான்னு எனக்குத் தெரியாதா? போம்போது வீட்டுச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிரும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் பேனாவை எடுத்து நோட்டில் தன் பெயரை அடித்தார். அந்த வார்த்தைகளுக்கு வேறு ஆள் வேண்டுமே என்றேன். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். நானே மாமாவிடம் நேரே போய்ச் சொல்லியிருக்கலாமே, என்னை யார் தடுத்தது என்று கேட்டார். நியாயமாகத்தான் இருந்தது. 'நான்' என்று எழுதினேன்.

தேர்வில் ஆட்களைக் குறிக்கும் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் வினைச்சொல். அந்த முறை தேறவில்லை. வயது வரம்பு தாண்டுவதற்குள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அதில் தேறினேன். திருச்செந்தூர் பக்கம் ஒரு கிளையில் வேலை போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். இவரும் அங்கேயே சின்னதாக ஒரு கடை போட்டார். உப்புக்காற்றில் மோட்டார்கள் சீக்கிரம் பழுதாகின்றன. எனக்கு முன்பே இவருக்கு ஊர் பிடித்துப்போய்விட்டது.