மாமாவின் குளிர்க் கோப்பி

மாமா கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்து, உதட்டை மெல்ல நீட்டி முதல் மிடறை உறிஞ்சியபோது அவருடைய மேலுதட்டில் வெள்ளையாக நுரை ஒட்டிக்கொண்டது. ஐம்பது வருடங்கள் அடர்த்தியான மீசை இருந்த உதடு அது. ஒப்பரேஷனுக்கு முன்னர் கொழும்பில் மழித்துவிட்டார்கள். பிறகு அது சரியாக முளைக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குசினி வாசலில் நின்ற மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு வந்தது இரக்கமா பெருமையா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெருமை என்றுதான் நினைக்கிறேன்.

மாமா என்று நான் சொல்வது என் கணவரின் தகப்பனாரை. பேசாலையில் பிறந்து, பேசாலைக் கடலிலேயே உழைத்து, அறுபத்தெட்டு வயதில் கால் முடியாமல் கரையேறியவர். அவர் குடித்த கோப்பி மாதிரிச் சூடான கோப்பியை நான் வேறு எவரும் குடித்துக் கண்டதில்லை. அடுப்பிலிருந்து இறக்கியதும் வாயில் வைப்பார். கடலுக்குப் போகும்போதும் பிளாஸ்க் இல்லாமல் தோணியில் ஏறமாட்டார். கொஞ்சம் ஆறிவிட்டால், "இதென்ன, முகம் கழுவவோ?" என்று கேட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். கலியாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமையில் அந்தக் கேள்வியை நான் மூன்று தரம் கேட்டிருக்கிறேன்.

நாக்கின் அடியில் வந்த புண்ணை வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டது என்று சொல்லிக்கொண்டே பல மாதங்களைப் போக்கிவிட்டார். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோய், நாக்கில் ஒரு பகுதியை எடுத்து, பிறகு வாரக்கணக்கில் கரண்டு பிடித்து, அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, சோழகக் காற்று வீசும் ஒரு காலத்தில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர் போலிருந்தது. வாய் முழுக்க ரணம். சூடு, உறைப்பு, புளிப்பு எதுவும் கிட்டவே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமி கோப்பியை நன்றாக ஆற்றிக் கொடுத்துப் பார்த்தார். அந்த வெதுவெதுப்பும் அவருக்கு எரிந்தது. கிளாஸை நிலத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் கஞ்சியும் குடிக்கவில்லை.

நான் அப்போது ஊரில் முன்பள்ளி ஆசிரியை. நண்பகலோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு நாள் போனில் எதையோ தேடியபோது, சூடே காட்டாமல் பச்சைத் தண்ணீரில் கோப்பியை ஊறவைத்து, மேலே நுரை வார்த்துக் குடிக்கும் முறை கண்ணில் பட்டது. அடுப்பில் காய்ச்சிய கோப்பியை விட இதில் புளிப்பும் கடுப்பும் குறைவு என்று அதில் சொன்னார்கள். கிளினிக்கில் இருந்த நேர்ஸிடம் கேட்டேன். "குளிர்ந்தது நல்லதுதான். குடிச்சா குடுங்கோ" என்றார்.

சொல்வதற்குச் சுலபமான வேலைதான், ஆனால் எனக்குக் கைவர ஒரு கிழமை எடுத்தது. கடைத்தூளைப் போட்டு ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் குளத்துச் சேறு மாதிரிக் கலங்கிக் கிடந்தது, எந்தத் துணியிலும் வடியவில்லை. பிறகு கோப்பிக்கொட்டை வாங்கி வறுத்து, தூளாகாமல் அரிசிக் குறுணி அளவுக்கு உரலில் இடித்தேன். பெரிய ஜாம் போத்தல் ஒன்றில் ஒரு பங்கு கோப்பிக்கு ஐந்து பங்கு தண்ணீர். பின்னேரம் செபமாலை முடிந்த கையோடு ஊறப்போட்டுப் பிரிட்ஜில் வைத்தால், அடுத்த நாள் முன்பள்ளிக்குப் போகுமுன் வெள்ளைத் துணியில் வடித்துவிடலாம். பிழியக்கூடாது, பிழிந்தால் கசப்பு இறங்கிவிடும். தானாகச் சொட்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நுரைதான் கடைசிவரை பாடுபடுத்தியது. பால்மாவைக் கரைத்துப் போத்தலில் இட்டுக் குலுக்கினால் சோப்பு நுரை போல எழும்பி, கதிரையடிக்குக் கொண்டுபோவதற்குள் அடங்கிவிடும். என் கணவர் மன்னாருக்குப் போன இடத்தில் பற்றரியில் சுழன்று நுரையடிக்கும் ஒரு சின்னக் கருவி வாங்கிவந்தார். உயிலங்குளத்தில் இருக்கும் என் தகப்பனார், நான் ஐயா என்று கூப்பிடுபவர், தான் வளர்க்கும் பசுவின் பாலை ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அனுப்பிவிடுவார். அதைக் காய்ச்சி, ஆடை முழுவதையும் எடுத்து, நன்றாகக் குளிரவைத்து அடித்தால் நுரை கரண்டியில் நிற்கும் அளவுக்குத் தடித்து வந்தது. அந்தத் தடித்த நுரைதான் அவருடைய தொண்டையில் நோகாமல் இறங்கியது.

ஊரில் அந்தக் கோப்பி ஒரு பேச்சாகிவிட்டது. நோயாளியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் குசினிவரைக்கும் வந்து போத்தலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "பெத்த மகளும் இப்படிச் செய்யமாட்டாள்" என்றார்கள். என் கணவர் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பெரிய மனசு. நானெண்டா அதை மறந்திருக்க மாட்டன்" என்றார்.

அவர் சொன்ன "அது", என் அம்மாவின் சாவு.

எங்கள் கலியாணம் உயிலங்குளத்தில் எங்கள் கோயிலில் நடந்தது. பந்தியில் மாமாவை அழைக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மழை தூறியதில் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்ததில் வந்த குழப்பம். ஐயா ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மாமா சாப்பிடாமலே எழுந்து, வந்த வாகனத்தில் ஏறிவிட்டார். அடுத்த வருடம் என் அம்மா ஒரு காலையில் முற்றம் கூட்டும்போது விழுந்து, அன்றைக்கே இறந்துபோனார். செத்த வீட்டுக்கு என் கணவர் வந்தார், மாமி அழுதுகொண்டு வந்தார், மாமா வரவில்லை. பேசாலைக் கோயில் திருநாளுக்குக் கொடியேறும் கிழமை, தனக்குக் கோயில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். பெட்டியை மூடும் நேரம் வந்தபோது ஐயா, "சம்பந்தி வந்திட்டாரோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். அப்படி மூன்று தரம் பொறுத்தோம். மூன்றாம் தரம் பங்குச் சுவாமியார் ஐயாவின் தோளில் கைவைத்தார். பிறகுதான் மூடினார்கள்.

அதைப்பற்றி மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போட்டேன், சட்டை தோய்த்தேன், "வாங்கோ மாமா", "சாப்பிடுங்கோ மாமா" என்றேன். உள்ளே அந்த மூன்று தரம் அப்படியே இருந்தது.

நாக்கில் வருத்தம் வந்த பிறகு மாமாவின் பேச்சு குழைந்துபோயிருந்தது. வெளியாட்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. மகனுக்கே பாதிதான் விளங்கும். மாமிக்கு விளங்கும். அதற்கு அடுத்தபடி எனக்குத்தான் விளங்கும். முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுப் பழகிய காது. இதை நான் இங்கே சொல்லியாக வேண்டும்.

கோப்பி கொடுக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை இருக்கும். கிளாஸை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த கதிரையைக் காட்டி, "இரு பிள்ளை" என்றார். நான் இருக்கவில்லை. "அம்மாட செத்த வீட்டுக்கு…" என்று தொடங்கினார். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு மாமா? நுரை அடங்கப் போகுது, குடியுங்கோ" என்று கிளாஸைக் கையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன். உள்ளே இருந்து கேட்ட மாமி என் முகத்தைத் தடவினார். பெருந்தன்மையால் சொன்னேன் என்று நினைத்திருப்பார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தரம், மூன்றாம் தரம் அவர் தொடங்கியபோது எனக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லிவிட்டால் அவருக்குப் பாரம் இறங்கிவிடும். அது இறங்குவதை நான் விரும்பவில்லை. ஐயா பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தது போல இவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தது. கையில் கிளாஸ் இருந்தபடியால் எனக்கு எப்போதும் ஒரு சாட்டு இருந்தது. நுரை அடங்கும், குளிர் போய்விடும், போத்தல் கழுவ வேண்டும்.

ஒரு நாள் வீட்டில் வேறு யாரும் இல்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தார், என் கணவர் வலை பார்க்கக் கரைக்குப் போயிருந்தார். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நான் வந்திருக்க வேணும்" என்றார். குழைந்துதான் வந்தது. ஆனால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கியது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன மாமா? விளங்கேல்லை" என்றேன்.

திரும்பச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. வாயோரத்தில் எச்சில் வடிந்தது. "விளங்கேல்லை மாமா" என்றேன். மூன்றாம் தரமும் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நான் துணியை எடுத்து வாயைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை, கஷ்டப்படாதேங்கோ. கோப்பியைக் குடியுங்கோ" என்றேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, கிளாஸை வாங்கி, கடைசித் துளிவரை குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆனால் மூன்று மணியானால் குசினிப் பக்கம் பார்த்து என்னைக் கேட்பார். நான் கோப்பியோடு போவேன். குடிப்பார். நான் நிற்பேன். மார்கழி தொடங்குமுன் ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு ஐயா முதல் பஸ்ஸிலேயே வந்தார். பெட்டி மூடும்வரை தலைமாட்டில் நின்றார். சேமக்காலைக் குழியில் எல்லோருக்கும் முதல் ஒரு பிடி மண் அள்ளிப்போட்டார். என்னால் அவருடைய பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு, மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளங்காத மாதிரி நடித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும் பிள்ளை. அவர் என்னட்டைச் சொன்னவர்" என்றார். "உனக்கு விளங்கினது எண்டும் சொன்னவர். அவளுக்குக் கோபம் ஆறேல்லை, ஆறட்டும் எண்டவர்."

எழும்பப் போன என்னை மாமி கையைப் பிடித்து இருத்தினார்.

"கரண்டு பிடிச்ச நாளையிலயிருந்து அவருக்கு ஒண்டும் ருசி தெரியாது. உன்ரை கோப்பியும் தெரியாது. கடைசி மாதம் அது இறங்கினதும் கஷ்டப்பட்டுத்தான். நீ பக்கத்தில வந்து நிப்பாய் எண்டுதான் கேட்டவர்."

எத்தனை பின்னேரங்கள். அந்தக் கதிரை காலியாகவே இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அதில் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் சொல்ல வந்தது நாலு சொல்லுக்கு மேல் இருந்திருக்காது. கேட்டுவிட்டு நான் மன்னிக்காமல் எழுந்து போயிருந்தாலும், அவர் சொல்லி முடித்த ஆளாகவாவது போயிருப்பார்.

அடுத்த ஞாயிறு உயிலங்குளத்துக்குப் போனேன். ஐயா பட்டியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார். அவரிடமும் சொன்னேன். மாமா வருந்தினார், வந்திருக்க வேண்டும் என்று தன் வாயாலேயே சொன்னார் என்று கேட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் நடித்ததை அவரிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

ஐயா வைக்கோலைக் கீழே போட்டார்.

"அவர் சொல்ல வெளிக்கிட்டவரோ?"

"ஓம் ஐயா."

"எத்தினை தரம்?"

சொன்னேன்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒவ்வொரு நாளும் பால் அனுப்பினனான். ஒருக்கால் சொல்லிவிட்டிருந்தால் அந்தப் பாலோடை நானும் பஸ் ஏறி வந்திருப்பன். எனக்கும் அந்த மனுசனோடை கதைக்க இருந்தது."

அம்மாவின் சாவில் மாமா செய்த பிழையை ஐயாவுக்காகத்தான் நான் பத்து வருடம் மனதில் வைத்திருந்தேன் என்று நம்பியிருந்தேன். அதை ஐயாவிடம் ஒரு தரமாவது கேட்டதில்லை.

ஐயா என் தலையில் கைவைத்தார். கண்ணைப் பார்க்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு குளத்துப் பக்கம் நடந்தார். பின்னால் போக எனக்குத் துணிவு வரவில்லை.