சைகான் பவன் மாஸ்டர்

“இந்தக் கடையில் ஒரு வாய் சூப் குடித்ததும் மூன்று வருஷமாக இருந்த என் முட்டிவலி போய்விட்டது. வியட்நாமிலிருந்து பிளேன் பிடித்து வந்த ஆறு பேர் மாஸ்டர் காலில் விழுந்து, எங்கள் ஊரில் இந்த ருசி இல்லையே சாமி என்று அழுததை என் கண்ணால் பார்த்தேன். மலைமேல் தரிசனத்துக்கு நிற்கிற கியூவை விட இந்தக் கடைக் கியூ நீளம்.”

ஹரிதா போனைக் கீழே வைத்தாள். எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவள் அப்பா செங்கல்வராயன், எந்த முட்டி என்று கேட்கவில்லை. இன்னொரு தபா படி பாப்பா என்றார், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அழுதவர்கள் எட்டுப் பேராகிவிட்டார்கள்.

போனில் தெலுங்கில் இருந்தது வேறு. மேசையில் கையை வைத்தால் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. துடைக்கிற துணியைத்தான் முதலில் துடைக்க வேண்டும். ஆர்டர் சொல்லி முக்கால் மணி நேரம் ஆனது, தண்ணீர் வைக்கக்கூட யாரும் வரவில்லை. சூப்பில் உப்பில்லை. நூடுல்ஸில் ஒரு முடி இருந்தது, இழுக்க இழுக்க வந்தது. ஒரு ஸ்டார் கொடுக்கிறேன், அதுவும் ஃபேன் ஓடியதற்காக.

அப்பாவும் மகளும் பேசுவது ஒரே தமிழ். ஆனால் ஆந்திராவின் நகரியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்த செங்கல்வராயனுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து தெரியாது. தெலுங்கு மீடியத்தில் படித்த ஹரிதாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எல்லையோரத்து வீடுகளில் இதை ஒரு குறையாக யாரும் நினைப்பதில்லை. பஸ் போர்டை அவள் படிப்பாள், கல்யாணப் பத்திரிகையை அவர் படிப்பார். இன்டரில், அதாவது பிளஸ் டூவில், இரண்டு பேப்பர் போன பிறகு அவள் படித்ததெல்லாம் பஸ் போர்டும் இந்த மாதிரி ரிவ்யூவும்தான்.

செங்கல்வராயன் கோலாலம்பூரில் ஒரு வியட்நாம் கடையில் ஏழு வருஷம் இருந்தவர். நாலு வருஷம் பாத்திரம் கழுவினார். அப்புறம் மூன்று வருஷம் தழை அரிந்தார். அந்தச் சாப்பாட்டின் மேல் புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள் என்று ஒரு தோட்டமே கிடக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் அவரை விட்டதே இல்லை. ஊர் திரும்பி, திருப்பதியில் கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது, சுதீர் என்கிற ஓட்டல் முதலாளி, வியட்நாம் கடையில் வேலை செய்தவர் நீங்கள்தானா என்று தேடி வந்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருத்தர் அவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அந்தக் கடைதான் சைகான் பவன். அங்கே ஃபோ என்று ஒரு சூப். எலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் அரிசி நூடுல்ஸைப் போட்டுக் கொடுப்பது. சுதீர் கேஸ் விலையைச் சொல்லி இரண்டு மணி நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுவார். மிச்சத்தை ஏழு வருஷம் கழுவிய அண்டாக்களின் வாசனையை நினைத்து நினைத்துச் செங்கல்வராயன் சமைத்தார். சனிக்கிழமை ருசி பார்க்கவும் முடியாது. சனிக்கிழமை பெருமாளுக்கு. கவுச்சி நாக்கில் படக் கூடாது. கடையில் கூட்டம் வருவதோ அன்றைக்குத்தான். மோந்து பார்த்தே உப்புப் போடுவார். உப்புக்கு ஏது வாசனை?

அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஹரிதாவின் தோழி தரணி, தன் பிறந்த நாளுக்கு நாலு பெண்களை இழுத்துக்கொண்டு அங்கே போனாள். உள்ளே இருக்கிற மாஸ்டர் தன் அப்பா என்று ஹரிதா சொல்லவில்லை. எல்லாரும் ஆகா என்று புகழ்ந்ததும் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தலாம் என்று திட்டம். சூப் வந்தது. தரணி ஒரு வாய் குடித்தாள்.

“குளிக்கறதுக்கு வெளாவி வச்ச தண்ணிய ஊத்திக்கினு வந்துட்டாங்கடி.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது ஹரிதாவின் வேலை, அதை இன்னொருத்தி எடுத்துக்கொள்ள விடுவாளா? அங்கேயே போனை எடுத்து, ‘ஒரு பக்தன்’ என்று பொய்ப்பெயர் போட்டு எழுத எழுதப் படித்துக் காட்டினாள். தரணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சமையலறைக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் செங்கல்வராயனின் முதுகு தெரிந்தது. அது குனிந்தே இருந்தது.

ராத்திரி படுத்தால் அந்த முதுகுதான். விடிந்ததும் எழுதியதை அழித்தாள். அதற்குள் ஊரே அதைப் படம் பிடித்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிவிட்டது. நாலு நாளில் கடைக்குத் தவறாமல் வருவது ஈ மட்டும்தான் என்றாகிவிட்டது. சுதீர் அந்தப் படத்தைச் செங்கல்வராயனின் போனுக்கு அனுப்பி, படித்துப் பார் என்றாராம். அவர் அதை நேராக மகளிடம் கொண்டு வந்து நீட்டினார். அவள் வாயில் அது முட்டிவலி மருந்தாகிவிட்டது.

அன்று பிடித்துத் தினமும் மத்தியான வேலை முடிந்து வந்ததும் போனை நீட்டுவார். கடைக்கு வருகிற புதுத் திட்டுகளையெல்லாம் அவள் புகழ்ச்சியாக்கிப் படிப்பாள். அவரும் வீட்டுத் துண்டுகளைத் துவைத்து மடித்துக் கடைக்கு எடுத்துப்போனார். தலையில் துணி கட்டிக்கொண்டார். சட்டையில் பினாயில் வாடை அடித்தது. புகழ்ச்சி கேட்டு உற்சாகம் வந்துவிட்டது என்று ஹரிதா நினைத்தாள். இப்படியே கொஞ்ச நாள் ஓட்டினால் மாஸ்டர் மாஸ்டராகவே இருந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள்.

நாலாவது வாரம் அவர் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். பெங்களூரிலிருந்து புது மாஸ்டர் வந்திருக்கிறாராம். சுதீர் இவரைப் போகச் சொல்லவில்லையாம். பாத்திரம் கழுவ ஆளில்லை, இருப்பதானால் இரு என்றாராம். சரி என்று சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என்ன செய்வதென்று தெரியாமல், ஹரிதா தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். போனை எடுத்தாள்.

“நைனா, இன்னைக்கிப் புதுசா ஒண்ணு வந்துகீது. மாஸ்டர மாத்துனா ரோட்ல குந்திக்குவோம்னு ஒரு குடும்பமே எழுதிக்கீது, கேளு...”

“போதும் பாப்பா.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. முதல் நாளே சர்வர் சந்துரு முழுசையும் படித்துச் சொல்லிவிட்டானாம், மேசை, முடி, உப்பு எல்லாம்.

“தெரிஞ்சிக்கினே ஏன் நைனா என்னப் படிக்கச் சொன்ன?”

“நீ படிக்கறப்ப நல்லா இருந்திச்சி.” தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். “போன சனிக்கெழமை சூப்ப நாக்குல வச்சிப் பாத்தேன். முப்பது வருசத்துல மொத தபா. நெசந்தான். உப்பே இல்ல.”

ஹரிதா போனைத் தரையில் வைத்தாள்.

“கடைசியா ஒரு வரி கீதாமே. தழைய மட்டும் யாரோ அவ்ளோ பொடிசா, அவ்ளோ அழகா அரிஞ்சிக்கீறாங்க, அந்தக் கை நல்லா இருக்கணும்னு.”

அந்த ஒரு வரியை மட்டும் அவள் தோழிகளுக்குப் படித்துக் காட்டவில்லை.

“எத்தினியோ பேரு துன்னுட்டுப் போனாங்க பாப்பா. எல்லாரும் தழையத் தள்ளி வச்சிட்டுத்தான் துன்னாங்க. அத உத்துப் பாக்கறதுக்கு எனக்குன்னு ஒருத்திதான் கீறா.”

போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எழுதனத எழுதனபடி படி. உன் வாயால ஒரு தபா கேக்கறேன்.”